டோக்கனைப் பூட்டி வாக்குரிமையும் கட்டணப் பங்கும் பெறுவது எப்படி? கொங்குப் பகுதி வாசகர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரிலோ ஈரோட்டிலோ கிரிப்டோவைப் பற்றிப் பேச்செடுத்தால் எதிரில் இருப்பவர் முதலில் கேட்பது, "மாதம் எவ்வளவு வரும்?" என்பதைத்தான். அந்தக் கேள்வியால் நம் பகுதி பட்ட பாடு கொஞ்சமல்ல. திருப்பூரின் பாசி ஃபாரெக்ஸ் மோசடி 930 கோடி ரூபாய். 2022-ல்தான் கோவை சிறப்பு நீதிமன்றம் அதன் இயக்குநர்களுக்கு 27 ஆண்டு சிறை விதித்தது. 2012-ல் பெருந்துறை ஈமு கோழி மோசடி. எனவே தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரையில் விளக்கப்போகும் முறையில் மாதாந்திர உறுதித் தொகை என்று எதுவும் கிடையாது. "டோக்கனைப் பூட்டுங்கள், மாதம் 8 சதவீதம் நிச்சயம்" என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது சொன்னால், அவர் பேசுவது வேறு சரக்கு.

இங்கே சொல்லப்போவது கர்வ் ஃபைனான்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்றத் தளம் 2020 ஆகஸ்டில் கொண்டுவந்த பூட்டு முறை: டோக்கன் எனப்படும் கிரிப்டோ நாணயத்தைக் குறித்த தேதிவரை எடுக்க முடியாதபடி வைப்பது. பின்னால் வந்த பல திட்டங்கள் இதைத்தான் சிறுசிறு மாற்றங்களோடு எடுத்துக்கொண்டன. மூலத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் பிடிபடும்.

முதலில், பூட்டினால் என்ன கிடைக்கிறது?

கர்வ் என்பது எத்தீரியம் பிளாக்செயினில் இயங்கும் ஒரு பரிமாற்றத் தளம். டாலர் மதிப்போடு கட்டிவைத்த ஒரு கிரிப்டோ நாணயத்தை அதேபோன்ற இன்னொன்றாக மாற்றுவது போன்ற பரிமாற்றங்களுக்குப் பெயர் பெற்றது. பரிமாற்றத்துக்குத் தேவையான இருப்பைப் பொதுமக்களே பூல் எனப்படும் பொது இருப்புகளில் போட்டு வைக்கிறார்கள். அவர்களுக்கு ஊக்கத்தொகையாக சிஆர்வி என்ற டோக்கன் புதிதாக அச்சடித்துத் தரப்படுகிறது. அச்சடிக்கும் அளவு ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஏறத்தாழ 16 சதவீதம் குறையும்.

சிஆர்வி-யைப் பூட்டி வைத்தால் வீசிஆர்வி என்ற வாக்கு எடை கிடைக்கும். இதை விற்கவோ, மற்றவருக்கு அனுப்பவோ முடியாது. அதனால் வரும் பயன்கள் மூன்று. பரிமாற்றக் கட்டணத்தில் பங்கு. எந்தப் பூலுக்கு எவ்வளவு புதிய சிஆர்வி போக வேண்டும் என்று வாக்களிக்கும் உரிமை. நீங்களே பூலில் பணம் போட்டிருந்தால் உங்கள் ஊக்கத்தொகை இரண்டரை மடங்கு வரை உயரும் வாய்ப்பு.

இரண்டாவது பயனைக் கீழ்பவானிக் கால்வாயை வைத்துச் சொல்லலாம். ஒரு போகத்துக்கு ஒற்றைப்படை மதகு, அடுத்த போகத்துக்கு இரட்டைப்படை மதகு என்று அங்கே அரசாணை முறை வைக்கிறது. கர்வில் அரசாணை இல்லை. புதிய சிஆர்வி-தான் தண்ணீர். எந்த மதகை எத்தனை அங்குலம் தூக்குவது என்பதை ஒவ்வொரு வியாழக்கிழமையும் பூட்டியவர்களின் வாக்கு தீர்மானிக்கிறது. தன் பூலுக்குத் தண்ணீர் வேண்டும் என்பவர் வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்தும் கேட்பார். கிரிப்டோ உலகில் அதை வெளிப்படையாகவே லஞ்சம் என்றுதான் அழைத்தார்கள். இப்போது கொஞ்சம் நாகரிகமாக ஊக்கத்தொகை என்கிறார்கள்.

படி 1: கணக்கைப் போட்டுப் பாருங்கள்

அவசரமாக இதைத் தாண்டிப் போகிறவர்கள்தான் பிறகு புலம்புகிறார்கள். விதி சுருக்கமானது: 1 சிஆர்வி-யை 4 ஆண்டுகள் பூட்டினால் 1 வீசிஆர்வி, 2 ஆண்டுகள் என்றால் 0.5, ஓராண்டு என்றால் 0.25. குறைந்தபட்சம் ஒரு வாரம், அதிகபட்சம் 4 ஆண்டுகள்.

முக்கியமானது இனிமேல்தான். வாக்கு எடை பூட்டிய நாளில் இருந்தபடியே நிற்காது. மீதமுள்ள காலம் குறையக் குறைய அதுவும் நேர்கோட்டில் குறைந்து, பூட்டு திறக்கும் நாளில் பூஜ்யமாகும். 1,000 சிஆர்வி-யை 4 ஆண்டுகளுக்குப் பூட்டினால் முதல் நாள் 1,000 வாக்கு. இரண்டு ஆண்டு முடிவில் 500. மூன்றாம் ஆண்டு முடிவில் 250. ஆக, பூட்டிவிட்டு அப்படியே விட்டால் 4 ஆண்டுக்குச் சராசரி 500-தான். ஓராண்டுப் பூட்டு என்றால் 250-ல் தொடங்கிப் பூஜ்யத்தில் முடியும், சராசரி 125.

கட்டணப் பங்கு இந்த எடையின் விகிதத்தில்தான் வரும். கணக்குக்காக ஒரு நிலையை வைத்துக்கொள்வோம்: மொத்த வீசிஆர்வி 80 கோடி, ஒரு வாரத்தில் பகிரப்படும் கட்டணம் 4 லட்சம் டாலர், சிஆர்வி விலை அரை டாலர். உங்களிடம் 1,000 வீசிஆர்வி முழுமையாக இருந்தால் வாரம் அரை டாலர், ஆண்டுக்கு 26 டாலர் கிடைக்கும். போட்ட 500 டாலருக்கு 5 சதவீதத்துக்குச் சற்று மேல். அதே 1,000 சிஆர்வி-யை ஓராண்டு மட்டும் பூட்டியவருக்கு அந்த ஆண்டு முழுவதும் சேர்த்து 3 டாலர் சொச்சம்தான்.

இதிலிருந்து நான் எடுக்கும் முடிவு வெளிப்படையானது. குறுகிய காலப் பூட்டு கட்டண வருமானத்துக்கு ஆகாது. ஒன்று, 4 ஆண்டுக்குப் பூட்டி, அவ்வப்போது காலத்தை நீட்டிக்கொண்டே போக வேண்டும். அப்படிச் செய்யும்வரை வெளியேறும் கதவு எப்போதும் 4 ஆண்டு தள்ளியே இருக்கும். இல்லையென்றால் பூட்டாமல் இருப்பதே மேல்.

விலை என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. 2022 ஜனவரியில் சிஆர்வி 6 டாலருக்கு மேல் விற்றது. 2024 ஆகஸ்டில் 25 சென்டுக்கும் கீழே போனது. உச்சத்தில் 4 ஆண்டுக்குப் பூட்டியவர் இந்தச் சரிவு முழுவதையும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பார். வாரம் வாரம் வந்த கட்டணப் பங்கு அதை ஈடுகட்டும் அளவில் இல்லை. முன்கூட்டியே பூட்டைத் திறக்கும் வசதி, அபராதம் கட்டியாவது வெளியேறும் வழி, இரண்டுமே கர்வின் மூல ஒப்பந்தத்தில் (பிளாக்செயினில் தானாக இயங்கும் நிரலில்) இல்லை.

படி 2: எந்தப் பணம் என்று பிரித்து வையுங்கள்

சனிக்கிழமை சம்பளப் பணம், நூல் மில்லுக்குக் கட்ட வேண்டிய பாக்கி, தீபாவளி போனஸ், பயிர்க்கடன் தவணை, போர்வெல்லுக்கு ஒதுக்கியது, பெண்ணின் கல்யாணத்துக்குச் சேர்த்தது: இவற்றில் ஒரு ரூபாய்கூட இதற்குள் வரக்கூடாது. கடன் வாங்கிப் பூட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மஞ்சளை விலைக்காகக் குடோனில் வைத்திருப்பவர்கூட அவசரம் என்றால் அன்றைய ஏல விலைக்குத் தள்ளிவிட்டு வரலாம். இங்கே விற்க எதுவும் கையில் இருக்காது.

படி 3: வாங்குவதும் வாலட்டும்

இந்தியாவின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் வாங்குங்கள். கணக்கு தொடங்கும் முன்பே அங்கிருந்து டோக்கனை வெளி வாலட்டுக்கு, அதாவது சாவி உங்கள் கையிலேயே இருக்கும் டிஜிட்டல் பணப்பைக்கு, அனுப்ப முடியுமா என்று பாருங்கள். சிலவற்றில் வாங்கலாம், விற்கலாம், வெளியே மட்டும் எடுக்க முடியாது. வாங்கியதை அங்கேயே விட்டு வைப்பதும் ஆபத்து. 2024 ஜூலை 18-ல் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல் திருடு போனது. தம் பணத்தைப் பார்க்கவே பலர் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

வாலட் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பலர் இதைச் சொல்வதில்லை. சாதாரண டோக்கன் என்றால், வாலட்டைத் திறக்கும் ரகசியச் சொற்கள் கசிந்துவிட்டதோ என்ற சந்தேகம் வந்தவுடன் வேறு முகவரிக்கு மாற்றிவிடலாம். பூட்டிய சிஆர்வி-யை மாற்ற முடியாது. அது அந்த முகவரியோடு ஒட்டிக்கொண்டது. சாவி திருடன் கைக்குப் போனால் கட்டணப் பங்கை அவன் எடுத்துக்கொண்டே இருப்பான், பூட்டு திறக்கும் நாளில் முதலையும் யார் முதலில் எடுப்பது என்ற ஓட்டப் பந்தயம்தான். ஆகவே இதற்கென்று புதிய முகவரி ஒன்றை, சாவியைத் தனிக் கருவியில் வைக்கும் ஹார்டுவேர் வாலட்டில் உருவாக்குங்கள். வேறு எந்தத் தளத்திலும் அந்த முகவரியை இணைக்காதீர்கள். ரகசியச் சொற்களைத் தாளில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். செல்போனில் படம் எடுத்து வைப்பது பூட்டிய வீட்டுக்கு வெளியே சாவியைத் தொங்கவிடும் வேலை.

வீட்டில் ஒருவருக்காவது இப்படி ஒன்று இருக்கிறது, தாள் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் திறக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இதற்கு நாமினி கிடையாது. வாரிசுச் சான்றிதழோடு தாலுகா அலுவலகத்துக்கு நடந்தும் பயனில்லை.

அனுப்பும்போது எத்தீரியம் நெட்வொர்க் என்று சரிபாருங்கள். கூடவே, ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் நெட்வொர்க் வாங்கும் கேஸ் கட்டணத்துக்காக எத்தீரியத்தின் நாணயமான எத்தரும் கொஞ்சம் அந்த முகவரியில் இருக்க வேண்டும்.

படி 4: சரியான தளம்தானா?

2022 ஆகஸ்டில் கர்வின் இணைய முகவரி கடத்தப்பட்டது. பெயரைச் சரியாகத் தட்டச்சு செய்து போனவர்களுக்கும் போலிப் பக்கம்தான் திறந்தது. அங்கே தம் வாலட்டிலிருந்து எடுக்க அனுமதி கொடுத்தவர்கள் பணத்தை இழந்தார்கள். 2025 மே மாதம் மறுபடியும் அதே கதை. அதன்பிறகு தளம் வேறு முகவரிக்கு மாறியது. கவனியுங்கள், இரண்டு முறையும் ஒப்பந்தங்களுக்குள் யாரும் நுழையவில்லை. வாசலைத்தான் மாற்றி வைத்தார்கள்.

தேடல் முடிவில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். கையெழுத்திடும் முன், ஹார்டுவேர் வாலட்டின் சிறு திரையில் காட்டும் ஒப்பந்த முகவரியை, எத்தீரியப் பதிவுகளைக் காட்டும் ஈத்தர்ஸ்கேன் தளத்தில் உள்ள வாக்குப் பூட்டு ஒப்பந்தத்தின் முகவரியோடு முழுவதுமாக ஒப்பிடுங்கள். முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் ஒத்துப்போனால் போதும் என்று விட வேண்டாம். அதே தோற்றத்தில் போலி முகவரி உருவாக்குவது இன்று பெரிய வேலை இல்லை.

படி 5: பூட்டுதல்

இரண்டு பரிவர்த்தனைகள். முதலாவது அனுமதி: உங்கள் சிஆர்வி-யை ஒப்பந்தம் எடுத்துக்கொள்ளலாம் என்ற ஒப்புதல். வாலட் "வரம்பில்லாமல்" என்று காட்டினால் அதை மாற்றி, பூட்டப்போகும் தொகையை மட்டும் போடுங்கள். இரண்டாவதுதான் பூட்டு.

ஒரு முகவரிக்கு ஒரு பூட்டுதான். பின்னால் தொகையைக் கூட்டலாம், தேதியைத் தள்ளிப் போடலாம். தொகையைக் குறைக்கவோ தேதியை முன்னே இழுக்கவோ முடியாது. ஆகையால் ஒத்திகை பார்க்க நினைப்பவர் சிறு தொகையைச் சில வாரங்களுக்கு மட்டும் பூட்டிப் பார்க்கட்டும். எல்லாம் சரியாக நடந்ததும் தொகையைக் கூட்டி, பிறகு தேதியை நீட்டலாம். கூடுதலாகக் கேஸ் செலவாகும். மனநிம்மதிக்குக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எந்தத் தேதியைக் கேட்டாலும் பூட்டு ஒரு வியாழக்கிழமைதான் முடியும். உலகப் பொதுநேரம் நள்ளிரவு, நம் நேரப்படி வியாழன் காலை 5.30. கேட்ட தேதிக்கு முந்தைய வியாழனுக்கு அது இறங்கிவிடும். 4 ஆண்டு கேட்டும் வாக்கு எடை சற்றுக் குறைவாகக் காட்டினால் பதற வேண்டாம்; காரணம் இதுதான்.

படி 6: வாக்களித்தல்

பூல்களுக்கான வாக்கு ஒரு பக்கம், நிர்வாகத் தீர்மானங்கள் மறுபக்கம்.

பூல் வாக்கில் உங்கள் எடையை விழுக்காடாகப் பிரித்துக் கொடுக்கலாம்: ஒன்றுக்கு 60, மற்றொன்றுக்கு 40 என்று. ஒரு பூலுக்குக் கொடுத்த வாக்கை 10 நாட்களுக்கு மாற்ற முடியாது. மாற்றாவிட்டால் அது அப்படியே தொடரும், எடை மட்டும் தேயும். இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று: பின்னால் நீங்கள் கூடுதலாகப் பூட்டினாலோ காலத்தை நீட்டினாலோ பழைய வாக்கில் அந்தப் புது எடை தானாகச் சேராது. மறுபடி வாக்களித்தால்தான் சேரும். பூலில் பணம் போட்டிருப்பவருக்கும் இதே கதைதான். பூட்டியபின் ஒருமுறையாவது பணம் போடுவது, எடுப்பது, ஊக்கத்தொகை பெறுவது என்று ஏதாவது செய்தால்தான் உயர்ந்த விகிதம் கணக்கில் ஏறும்.

நிர்வாகத் தீர்மானம் கொண்டுவர 2,500 வீசிஆர்வி வேண்டும். முக்கியத் தீர்மானங்கள் நிறைவேற மொத்த எடையில் 30 சதவீதமாவது ஆதரவாக விழ வேண்டும்; பதிவான வாக்குகளிலும் 51 சதவீதம் ஆதரவாக இருக்க வேண்டும். நம் சில ஆயிரம் வாக்குகள் எதையும் புரட்டிப் போடாது. ஏறத்தாழ பாதி எடை கான்வெக்ஸ் என்ற ஒரே அமைப்பின் கையில் குவிந்த காலம் உண்டு. இருந்தாலும் தீர்மானங்களைப் படியுங்கள். பூட்டிய பணத்தின் விதி அங்கேதான் எழுதப்படுகிறது. பான்கேக்ஸ்வாப் என்ற இன்னொரு பரிமாற்றத் தளம் 2023 நவம்பரில் இதே பூட்டு முறையைக் கொண்டுவந்து, 2025 ஏப்ரலில் வாக்கெடுப்பு நடத்தி அதையே ஒழித்தது. பூட்டியவர்களுக்கு டோக்கன் திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த வாக்குரிமையை நம்பிக் கடை விரித்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

இரண்டரை மடங்கு ஆசை

விளம்பரங்களில் பெரிதாக வருவது இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். முழு இரண்டரை மடங்கு பெற, ஒரு பூலில் உங்கள் பணம் எத்தனை சதவீதமோ அத்தனை சதவீதம் மொத்த வீசிஆர்வி-யிலும் உங்களிடம் இருக்க வேண்டும். 10 கோடி டாலர் பூலில் நீங்கள் 10,000 டாலர் போட்டிருந்தால் உங்கள் பங்கு 0.01 சதவீதம். மொத்தம் 80 கோடி என்ற முந்தைய கணக்கில் அது 80,000 வீசிஆர்வி. அரை டாலர் விலையில் 40,000 டாலரை 4 ஆண்டுக்குப் பூட்ட வேண்டும், 10,000 டாலரின் ஊக்கத்தொகையை உயர்த்த! சிறிய பூல் என்றால் நிலை இன்னும் மோசம்: 1 கோடி டாலர் பூலில் அதே 10,000 டாலருக்குப் பத்து மடங்கு வேண்டும். சிறு முதலீட்டாளர் எட்ட முடியாத கிளை இது. இந்த இடைவெளியில்தான் கான்வெக்ஸ் 2021 மே மாதம் வந்தது; எல்லோருடைய சிஆர்வி-யையும் வாங்கி நிரந்தரமாகப் பூட்டி, உயர்ந்த விகிதத்தைத் தன் பயனாளர்களுக்குப் பகிர்கிறது. அங்கே சிஆர்வி கொடுத்துப் பெறும் டோக்கனைத் திரும்ப சிஆர்வி-யாக மாற்றும் வழி இல்லை. சந்தையில் விற்கலாம், பெரும்பாலும் சற்றுக் குறைந்த விலைக்கு. ஒருவழிப் பாதை என்று தெரிந்தே ஏறுங்கள்.

ஏரோட்ரோம் போன்ற வேறு பரிமாற்றத் தளங்களில் விதி வேறு. பூட்டு ஒரு என்எஃப்டி-யாக, அதாவது கைமாற்றக்கூடிய தனி டிஜிட்டல் பத்திரமாக, வருவதால் விற்க முடியும். நீங்கள் வாக்களித்த பூலின் கட்டணம்தான் உங்களுக்கு. வாக்கே அளிக்கவில்லை என்றால் கட்டணமும் இல்லை. வாரம் தவறாமல் உட்காரும் பொறுமை உள்ளவருக்கு ஏற்றது.

படி 7: கட்டணத்தை எடுப்பது

கர்வ் பரிமாற்றக் கட்டணத்தில் ஒரு பங்கு பூட்டியவர்களுக்குப் போகிறது. 2024 ஜூனிலிருந்து அது கர்வின் சொந்த டாலர் நாணயமான சிஆர்வி-யுஎஸ்டி வடிவில் வருகிறது. பூட்டிய முதல் வாரத்தில் எதுவும் தெரியாது. அடுத்த வியாழனிலிருந்துதான் எண்ணிக்கை தொடங்கும். எடுக்காத தொகை சேர்ந்துகொண்டே இருக்கும், கெடாது. 40 ரூபாயை எடுக்க 100 ரூபாய் கேஸ் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. ஆண்டுக்கு ஓரிரு முறை, நெட்வொர்க் நெரிசல் குறைந்த நேரமாகப் பார்த்து எடுங்கள்.

படி 8: வரி

2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். 2022 ஜூலை 1 முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது. கேஸ் கட்டணமும் நம் தலையில்தான். ஒரு கிரிப்டோவை இன்னொன்றாக மாற்றுவதும் விற்பனையே.

பூட்டுபவரை உறுத்துவது வேறொன்று. கிரிப்டோ நஷ்டத்தை வேறு எந்த லாபத்திலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. வரும் கட்டணப் பங்கைப் பெற்ற நாளின் மதிப்பில் வருமானமாகக் காட்டச் சொல்லும் ஆடிட்டர்கள் பலர். ஆக, 4 ஆண்டில் சிஆர்வி பாதி விலைக்கு இறங்கினாலும் கிடைத்த சில்லறைக்கு வரி கட்டுவீர்கள், போன முதலுக்கு எந்தச் சலுகையும் இல்லை. மேலே போட்ட 5 சதவீதக் கணக்கை இந்த வெளிச்சத்தில் இன்னொரு முறை பாருங்கள். ஒரு நோட்டில் வாங்கிய தேதி, ரூபாய் விலை, பூட்டிய தேதி, ஒவ்வொரு முறை எடுத்த தொகை, அன்றைய ரூபாய் மதிப்பு எல்லாவற்றையும் எழுதி வாருங்கள். ஜவுளிக் கணக்கு பார்க்கும் ஆடிட்டருக்கு இது பழக்கமில்லாமல் இருக்கலாம். பழகியவரைத் தேடிப் போவதில் தவறில்லை.

யார் பூட்டலாம்?

என் பார்வையில், கர்வ் பூல்களில் ஏற்கெனவே பெரிய தொகை போட்டிருப்பவர், அல்லது சிஆர்வி-யை எப்படியும் பல ஆண்டு விற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டவர். வருமானம் தேடி இதற்காகவே சிஆர்வி வாங்குபவருக்குக் கணக்கு ஒத்துவராது. தொழில்நுட்ப ஆபத்தும் ஒன்று உண்டு. 2023 ஜூலை 30-ல், வைப்பர் என்ற நிரல்மொழியின் சில பழைய பதிப்புகளில் இருந்த பிழையால் கர்வின் சில பூல்களிலிருந்து பல கோடி டாலர் களவு போனது. பூட்டு ஒப்பந்தம் தப்பியது. அந்தச் செய்தியால் சிஆர்வி விலை விழுந்ததிலிருந்து பூட்டியவர்கள் தப்பவில்லை.

படி 9: திறக்கும் நாள்

குறித்த வியாழன் காலை 5.30 மணிக்கு வாக்கு எடை பூஜ்யமாகும். டோக்கன் தானாக வாலட்டுக்கு வந்து விழாது. நீங்கள் போய் எடுக்க வேண்டும். எடுக்க அவகாச வரம்பு இல்லை, ஆனால் எடுக்கும்வரை அது எதையும் ஈட்டாது. மறுபடி பூட்ட விரும்பினால் முதலில் எடுத்துவிட்டுப் புதிதாகத்தான் பூட்ட முடியும்; நீட்டிக்க நினைப்பவர் அந்த வியாழனுக்கு முன்பே நீட்டிவிட வேண்டும். இதற்கெல்லாம் கேஸ் வேண்டும், ஆகவே அந்த முகவரியில் கொஞ்சம் எத்தரை 4 ஆண்டும் தொடாமல் விட்டு வையுங்கள். ஹார்டுவேர் வாலட்டையும் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்து இயங்குகிறதா என்று பாருங்கள்; பின் எண் மறந்திருந்தால் தெரிந்துகொள்ள அதுதான் நல்ல நாள், திறக்கும் நாள் அல்ல.